கடைசி சீட்

போன ஞாயிற்றுக்கிழமை பெருந்துறை ரோட்டுப் பக்கம் பழைய இன்னோவா ஒன்றைப் பார்க்கப் போனோம். ‘போனோம்’ என்ற அந்தப் பன்மையில்தான் வினையே இருக்கிறது. வாங்குவது நான். கடன் என் பெயரில். பார்க்கப் போனவர்கள் ஏழு பேர்.

பெரிய மாமா கதவைத் திறந்து சாத்தினார். மறுபடி திறந்து சாத்தினார். நாலாவது தடவை சாத்திவிட்டு, கச்சேரியில் முன்வரிசைக்காரர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். “சத்தம் வேற மாப்ள” என்றார். எதைவிட வேறு என்று சொல்லவில்லை. சித்தப்பா இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் மூடியைத் திருகி எடுத்து, புகை வருகிறதா என்று உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அவர் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான், வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து பிடுங்கிவந்த திருப்பதி பெருமாள் காந்தத்தை ஒவ்வொரு கதவிலும் ஒட்டினார், எங்கே பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறது என்று கண்டுபிடிக்க. பெருமாள் மூன்று கதவில் ஒட்டினார். நாலாவதில் வழுக்கிக் கீழே விழுந்தார்.

விற்பவர் அசரவில்லை. “டாக்டர் வண்டிங்க. ஒரே ஓனர்” என்றார். தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய வண்டி எல்லாமே டாக்டர் வண்டிதான். இவர்களுக்கு வைத்தியம் பார்க்க நேரம் எப்போது கிடைக்கிறதோ! மீட்டர் 82,000 காட்டியது. பிரேக் பெடலின் ரப்பர் வலது ஓரத்தில் வரியெல்லாம் அழிந்து, வழுக்கையாகி, உள்ளே இரும்பு பளபளத்தது. டாக்டர் கொஞ்சம் அழுத்தமான ஆள் போலிருக்கிறது.

ஒரு மணி நேரம் கழித்து, என் கர்சீப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பெரிய மாமா தீர்ப்புச் சொன்னார்.

“நல்ல வண்டிதான். ஆனா குவாலிஸ் மாதிரி வராது.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எந்தத் தலைமுறை இன்னோவா வாங்கலாம் என்று ஏழு பேரில் ஒருவர்கூட உருப்படியாகச் சொல்லவில்லை. அதனால் நானே ஒவ்வொன்றாக எடைபோட்டு எழுதிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். எது என்று கடைசியில் சொல்கிறேன்.

நாங்கள் பார்த்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வண்டி வகை என்ற இடத்தில் ‘ஸ்டேஷன் வேகன்’ என்று போட்டிருந்தது. அந்தப் பெயரை ஆர்.டி.ஓ. ஆபீஸைத் தவிர நம் ஊரில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அசல் ஸ்டேஷன் வேகன், அதாவது காருக்கு முதுகை நீட்டிவிட்ட வண்டி, இங்கே வராமல் இல்லை. 1992-ல் டாடா எஸ்டேட் வந்தது. பிறகு பலேனோ ஆல்டுரா. 2004-ல் இண்டிகோ மரீனா. “ஆம்புலன்ஸ் மாதிரி இருக்குதுங்க” என்று சொல்லிச் சொல்லியே எல்லாவற்றையும் வழியனுப்பினோம். டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டிருந்தால் அது கார். டிக்கி இல்லையென்றால் எட்டுப் பேராவது ஏற வேண்டும். இரண்டும் இல்லாமல் முதுகை மட்டும் நீட்டிக்கொண்டு வந்து நின்றால் நாம் என்ன செய்வது?

குவாலிஸ் 2000-ம் வருடம் ஜனவரியில் வந்தது. அப்போது இதே பெரிய மாமா சொன்னது எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது: “ரொட்டிப் பெட்டிக்கு சக்கரம் வெச்சாப்பல இருக்குது. அம்பாசிடர் மாதிரி வராது.” அது நம் ஊருக்குத்தான் புதுசு. இந்தோனேசியாவில் 1977-லிருந்து ஓடும் கிஜாங் வம்சத்தில், 1986-ல் பிறந்த மூன்றாம் தலைமுறைக்கு நம்மூர்ச் சட்டை போட்டு அனுப்பியதுதான் குவாலிஸ். கிஜாங் என்றால் அங்கே ஒரு வகை மான். ஆனால் முதல் தலைமுறைக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பட்டப்பெயர் முதலை. பானெட்டைத் தூக்கினால் முதலை வாயைப் பிளந்த மாதிரி இருக்குமாம். நமக்கு ரொட்டிப் பெட்டி, அவர்களுக்கு முதலை. வண்டிக்குப் பெயர் வைப்பதில் மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

ஆக, மாமா இருபது வருடமாக ‘அசல்’ என்று கொண்டாடும் வண்டி, இங்கே வந்து இறங்கும்போதே பதினான்கு வயதுக் கட்டை. அங்கே அதற்கு அடுத்த தலைமுறை வந்து ஓடிக்கொண்டிருந்தது. இதை எங்கேயோ படித்துவிட்டு ஒரு வெற்றிக் களிப்போடு மாமாவிடம் சொன்னேன்.

“அதத்தான மாப்ள நானும் சொல்றேன், பழசுதான் நல்லதுன்னு” என்றார்.

விற்றுக்கொண்டிருக்கும்போதே குவாலிஸை நிறுத்திவிட்டு 2005-ல் இன்னோவாவைக் கொண்டுவந்தார்கள். அதற்கு 2.4 லிட்டர் டீசலில் 75 குதிரைத் திறன், இதற்கு 2.5 லிட்டரில் 102. பின்பக்கம் லாரிக்கு உறவான லீஃப் ஸ்பிரிங் போய் காயில் ஸ்பிரிங் வந்தது. “கார் மாதிரி இருக்குது” என்றார் மாமா, குற்றச்சாட்டாக. 2016-ல் கிரிஸ்டா வந்தது, 2.4 லிட்டரில் 150 குதிரை. உடனே பழைய இன்னோவா தெய்வமாகிவிட்டது. 2022 கடைசியில் ஹைகிராஸ். அதில் சேஸிஸ் கிடையாது, டீசல் கிடையாது, பின் சக்கரம் தள்ளிக்கொண்டிருந்த வண்டியை முன் சக்கரம் இழுக்கிறது, பெட்ரோலுக்குத் துணையாக பேட்டரி. “பேட்டரி போட்டா அதுக்குப் பேரு டார்ச் லைட்டு சாமி” என்றார் சித்தப்பா. 2023-ல் கிரிஸ்டா டீசல் திரும்பி விற்பனைக்கு வந்ததும் மாமா போன் போட்டார். “கம்பெனிக்காரனே ஒத்துக்கிட்டான் பாத்தியா?”

என் பாட்டி மருமகள்களை எடைபோட்ட முறையும் இதுவேதான். அடுத்தவள் வந்த பிறகுதான் முந்தியவள் நல்லவளாவாள். கடைசி மருமகள் மட்டும், பாவம், பாட்டி கண்மூடும்வரை காத்திருந்தும் நல்லவளாகவே இல்லை.

எனக்கும் இந்த வண்டிகளைப் பற்றி அபிப்பிராயம் உண்டு. என்னை யாரும் கேட்பதில்லை. காரணம், நான் கடைசி சீட்டில் இருக்கிறேன். அங்கிருந்து பேசினால் முன்னால் கேட்காது.

அம்பாசிடரில் கடைசி சீட் கிடையாது. அதனால் காங்கேயம் வரை நான் அத்தை மடியில் உட்கார்ந்து போவேன். அதற்குமேல் பழனி வரை அத்தையின் கூடை என் மடியில் உட்கார்ந்து வரும். பிறகு வாடகை சுமோ வந்தது. பின்னால் எதிரெதிராக பெஞ்சு. தாராபுரம் போய்ச் சேர்வதற்குள் உலகம் பக்கவாட்டில்தான் நகர்கிறது என்ற முடிவுக்கு வந்திருந்தேன். குவாலிஸ் வந்தபோது எனக்கு 24 வயது. “கல்யாணம் ஆகாத பையன், கால் நல்லா மடங்கும்” என்று பின்னால் அனுப்பினார்கள். இன்னோவா வந்தபோது கல்யாணம் ஆயிற்று. மறுவீட்டுக்குப் போன அன்று மட்டும் முன் சீட். அது ஒரு வழிப் பயணம்தான். திரும்பி வரும்போது முன் சீட்டில் பலாப்பழம் வந்தது. கிரிஸ்டா காலத்தில் “ஒல்லியா இருக்கறவங்க பின்னால போயிருங்க” என்றார்கள். எனக்கு அப்போது 78 கிலோ. ஆனால் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

கடைசி சீட்டுக்கு ஏறுவதற்கென்று ஒரு ஆசனம் இருக்கிறது. நடு சீட்டின் நெம்புகோலை இழுத்தால் அது குட்டிக்கரணம் போட்டு வழிவிடும். வலது காலை உள்ளே வைத்து, தலையை மார்போடு சேர்த்துக் குனிந்து, கைப்பிடியைப் பிடித்து, முதலில் பின்பக்கத்தை அனுப்பிவிட்டுப் பிறகு மீதியை வரவழைத்துக்கொள்ள வேண்டும். தலையை முதலில் அனுப்புபவர்கள் புதியவர்கள். நாம் உட்கார்ந்ததும் நடு சீட்டை மடக்கென்று பழைய நிலைக்குத் தள்ளுவார்கள். அந்த ‘டக்’ சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டபின் நீங்கள் சுதந்திர மனிதர் இல்லை. இறங்குவது உங்கள் கையில் இல்லை. டீக்கடையில் எல்லோரும் இறங்குவார்கள். “உனக்கு எதுக்குச் சிரமம், அங்கயே குடு” என்று டீ மட்டும் உள்ளே வரும். பின் ஜன்னல் திறக்காது. ஆகவே அது டிரைவர் கையிலிருந்து அத்தை கைக்கும், அத்தை கையிலிருந்து குழந்தை கைக்கும் மாறி, கால் டம்ளராகவும் ஆறியும் வந்துசேரும். குழந்தையின் விரலும் அதில் இருக்கும்.

மடி காலியாக இருக்கக் கூடாது என்பது இன்னொரு சட்டம். புளிசாதத் தூக்கு, தேங்காய்ப் பை, “பட்டுச்சேலை, கசங்காமப் புடிச்சுக்கோ.” முன்னால் பேசுவதில் பாதிதான் பின்னால் கேட்கும். அவர்கள் சிரித்து முடித்து அடுத்த பேச்சுக்குப் போனபிறகு எனக்கு நகைச்சுவை தபாலில் வரும். நான் தனியாகச் சிரிப்பேன். அப்போது பெரும்பாலும் யாருடைய சாவைப் பற்றியாவது பேசிக்கொண்டிருப்பார்கள். வேகத்தடையை முன் சீட்டுக்காரர் கண்ணால் பார்ப்பார், நடு சீட்டுக்காரர் டிரைவரைத் திட்டுவதிலிருந்து தெரிந்துகொள்வார், நான் தலையால் அறிவேன்.

சீட் ஒதுக்கீட்டில் வியாதிகளுக்கும் வரிசை உண்டு. முழங்கால் வலிக்கு முன் சீட். அதை மாமா 2003-லேயே பதிவு செய்துவிட்டார். வாந்தி வருபவர்களுக்கு நடு வரிசையில் ஜன்னலோரம், எலுமிச்சம்பழம் சகிதம். சர்க்கரைக்காரர்கள் அடிக்கடி இறங்க வேண்டும், அவர்களுக்குக் கதவோரம். போன வருடம் எனக்கு முதுகுத் தண்டில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ. படத்தை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். மாமா ஆழ்ந்து பார்த்தார். “முதுகு வலிக்கு ஆடாம அசையாம உக்காரணும் மாப்ள. பின்னால உனக்கு அதுக்குத்தான் வசதி” என்றார். உண்மைதான். அங்கே அசையவே முடியாது.

வண்டியைக் குற்றம் சொல்லவில்லை. ஹைகிராஸில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 100 மில்லிமீட்டர் கூட்டியிருக்கிறார்கள். கிரிஸ்டாவில் 2,750, இதில் 2,850. பத்து சென்டிமீட்டர் உங்களுக்கு ஒன்றுமில்லை. கடைசி சீட்டுக்காரனுக்கு அது அரை ஏக்கர். மச்சான் அந்த வண்டியை எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்ட அன்று நான் மொட்டைமாடியில் காலை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டேன். அவர் எடுத்தது உச்ச மாடல். அதில் நடு சீட்டுக்குப் பொத்தான் உண்டு. அமுக்கினால் முதுகு சாயும், கால்கள் உயரும், ஆள் ஸ்ரீரங்கத்துப் பெருமாளாகிவிடுவார். “வண்டிக்குள்ளயே படுத்துக்கலாங்க மாப்ள” என்று அமுக்கிக் காட்டினார். கால் முன்னால் போனது, முதுகு பின்னால் வந்தது. என் அரை ஏக்கர் மேல் வந்து சாய்ந்தது. பட்டா என் பெயரில். அனுபவ பாத்தியதை அவருடையது. அவிநாசி தாண்டும்வரை அவருடைய உச்சந்தலையை ஒரு ஜாண் தூரத்தில் பார்த்துக்கொண்டே போனேன். நடுவில் நாலணா அளவுக்கு வழுக்கை விழ ஆரம்பித்திருக்கிறது. அவருக்கு இது தெரியாது. நானும் சொல்லப்போவதில்லை.

எங்கே விட்டேன்? எந்தத் தலைமுறை வாங்கலாம் என்று சொல்ல வந்தேன். பத்து வருடம் தாண்டிய டீசல் என்றால் முதலில் எஃப்.சி. எதுவரை இருக்கிறது என்று பார்க்க வேண்டும், பிறகு டர்போ, பிறகு…

இந்த இடத்தில் போன் வந்தது. பெரிய மாமா.

“மாப்ள, அந்த டாக்டர் வண்டியவே முடிச்சுட்டேன். பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்துட்டேன், நீ எனக்கு அனுப்பிரு. ஞாயித்துக்கிழம பழனிக்குப் போய் பூஜை போட்டுட்டு வந்தர்லாம். எட்டுப் பேரு கணக்கு வெச்சுட்டேன்.”

“நானே ஓட்டறேனுங்க மாமா” என்றேன். ஓட்டுபவனை யாரும் கடைசி சீட்டுக்கு அனுப்ப முடியாதே!

“உனக்கெதுக்குக் கண்ணு சிரமம்? முதுகு வேற சரியில்ல. டிரைவர் சொல்லிட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு என் வண்டி கிளம்புகிறது. நாலரைக்கு நான் ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். ஏறியதும் முதல் வரிசை, ஜன்னலோரம்.