வடசேரி அம்பாசடர்

வடசேரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சாயாக்கடைகளில் காலை ஏழு மணிக்கு இவரைப் பார்க்கலாம். பேப்பரைக் கையில் வாங்கினால் தோவாளைப் பூ விலை, ரப்பர் விலை, மார்த்தாண்டம் விபத்து எதுவும் கண்ணில் படாது. நேரே சர்வதேசப் பக்கத்தில் போய்த்தான் நிற்பார். "மக்கா, ரிசல்ட்டு வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால், வந்தது என்றோ வரவில்லை என்றோ இதுவரை சொன்னதில்லை. "அது இப்பம் ஒரு கட்டத்துல நிக்குது அண்ணாச்சி" என்பார். இவ்வளவு பிடிகொடுக்காமல் பேசத் தெரிந்தவனுக்குப் பரீட்சை எதற்கு, நேரே ஜெனீவாவுக்கு அனுப்பிவிடலாமே என்பது கடைக்காரரின் அபிப்பிராயம்.

இந்திய வெளியுறவுப் பணிக்குப் படிக்கும் இனம் இது. கோட்டாறு முதல் கருங்கல் வரை பரவலாகக் காணப்படும். 2011 கணக்கெடுப்பின்படி 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நின்ற மாவட்டம் கன்னியாகுமரி என்பதால் படிக்கிறவர்களுக்கும் குறைவில்லை, படிக்கிறவனை விசாரிக்கிறவர்களுக்கும் குறைவில்லை. என்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்து வந்தவர் நம் ஆள். ஐ.எஃப்.எஸ். என்று இவர் சொல்ல, வனத்துறை என்று உறவுக்குள் செய்தி பரவிவிட்டது. அந்தப் பணிக்கும் சுருக்கப் பெயர் அதுதான், முதல்நிலைத் தேர்வும் இரண்டுக்கும் ஒன்றேதான் என்பதால் உறவினர்களைக் குற்றம் சொல்ல முடியாது. "மரச்சீனி விளையில ராத்திரி பன்னி எறங்குது, நீ வேலைக்குப் போனதும் ஒரு வழி பண்ணணும் கேட்டியா" என்று கீரிப்பாறைப் பக்கத்து மாமா முறையிட்டபோது முதல் இரண்டு வருஷம் விளக்கம் கொடுத்துப் பார்த்தார். இப்போது, "பாத்துக்கிடலாம் மாமா" என்கிறார்.

பாதை நீளமானதுதான். 2024ஆம் வருஷத் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு பிப்ரவரியில், முதல்நிலை ஜூனில், முதன்மைத் தேர்வு செப்டம்பரில், நேர்முகம் அடுத்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை, முடிவு 2025 ஏப்ரல் 22இல். விண்ணப்பித்தவர்கள் 9,92,599 பேர், எழுதியவர்கள் 5,83,213, முதன்மைத் தேர்வுக்கு 14,627, நேர்முகத்துக்கு 2,845, கடைசிப் பட்டியலில் 1,009. இதில் வெளியுறவுப் பணிக்கு என்று இருந்த இடம் 55. இதரப் பிற்படுத்தப்பட்டோருக்கு 35 வயதுக்குள் ஒன்பது வாய்ப்பு உண்டு என்பதால், ஒன்றில் சறுக்கினாலும் பெட்டி கட்டாமல் அடுத்த அறிவிப்புக்குத் தயாராகிவிடுகிறார் நம் ஆள்.

இன்னொரு வேடிக்கை. திருவிதாங்கூர் வேண்டாம் என்று போராடி, 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேர்ந்த மண் இது. ஆனால் தேர்வு எழுத இந்த மண்ணின் பிள்ளை ரயிலேறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். மதுரை இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். அனந்தபுரி கூப்பிடு தூரம்.

கல்யாணம்? அது தனிப் பேச்சுவார்த்தை. 1948இல் தேர்வு எழுதி, அடுத்த வருஷம் இந்த வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. கல்யாணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவேன் என்று அந்தக் காலத்தில் பெண்களிடம் எழுதி வாங்கினார்கள். அந்த அநியாய விதிகளை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம்வரை போக, 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அரசை நன்றாகவே கண்டித்தார். நம் ஆளுக்கு விதி நேர்மாறு: வேலை கிடைத்தால்தான் கல்யாணம். எழுதிக் கேட்டது அரசாங்கம் அல்ல, பெண் வீட்டார்.

நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண். டெல்லி தோல்பூர் ஹவுஸில் சொந்த ஊரைப் பற்றித்தான் குடைவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதால், 1741 குளச்சல் போர் இவருக்குத் தலைகீழ்ப் பாடம். மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் அந்த ராஜாவின் படைக்கே பயிற்சி கொடுத்து, கடைசியில் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமான கதையை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு கோட்டையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களை நிறுத்திச் சொல்லுவார். அதைவிட இவருக்குப் பிடித்தவர் செண்பகராமன் பிள்ளை. நாஞ்சில் நாட்டுக் குடும்பம். 1915இல் காபூலில் ராஜா மகேந்திர பிரதாப் அமைத்த தற்காலிக இந்திய அரசில் அவர்தான் வெளியுறவு அமைச்சர். முதல்நிலையும் கிடையாது, முதன்மையும் கிடையாது. நாடு மட்டும்தான் அப்போது கைவசம் இல்லை!

ஆனால் இவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், சாயங்காலம் இவர் வீட்டுத் திண்ணைக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். தூத்தூர், இனயம், குளச்சல் பக்கத்துக் கடலோடிகள் பஹ்ரைன், ஓமன், ஈரான் என்று மீன்பிடிக்கப் போகிறார்கள். எல்லை தாண்டினதாகப் படகோடு பிடித்து உள்ளே வைத்தாலோ, அரபாப் என்கிற அரபு முதலாளி சம்பளம் தராமல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ, வீட்டுப் பெண்கள் பிளாஸ்டிக் கவரில் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். "மோனே, எம்பசிக்கு ஒரு பேப்பர் போடணும்." வெளியுறவு அமைச்சகம் 2015இல் தொடங்கிய 'மதத்' இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்வது இவர்தான். பாஸ்போர்ட்டில் தகப்பன் பேரும் மகன் பேரும் இடம் மாறிக் கிடக்கும். படகு எண் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அரபாப் பேரைக் கேட்டால், "முகம்மதுன்னு சொன்னாவ" என்பார்கள். வளைகுடாவில் எத்தனை முகம்மது என்று இவர் சலித்துக்கொள்வதில்லை. போனில் வந்த வாட்ஸ்அப் குரலை மூன்று தடவை கேட்டு, துறைமுகப் பேரைப் பிடித்து, மஸ்கட்டுக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று என்று மனு அடித்துக் கொடுக்கிறார். 2020 ஜூலை 1இல் கடற்படைக் கப்பல் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கொரோனாவால் ஈரானில் சிக்கியிருந்த 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டு இறக்கினதற்கு முந்தைய மாதங்களில் இந்தத் திண்ணையில் உட்கார இடம் கிடைக்கவில்லை. கூலியாக வந்தது நெய்மீன். முதன்மைத் தேர்வின் ஒன்பது தாள்களில் ஒன்றிலும் இந்தப் பாடம் இல்லை என்பது கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களின் குறை என்றே தோன்றுகிறது.

தேறினாலும் உடனே விமானம் ஏறிவிட முடியாது. மருத்துவப் பரிசோதனை, முசோரியில் அடிப்படைப் பயிற்சி, டெல்லியில் சுஷ்மா சுவராஜ் நிறுவனம், அப்புறம் ஒரு வெளிநாட்டு மொழி. அரபி கிடைத்தால் நன்றாகப் படிக்கவேண்டும் என்று இவர் இப்போதே இலக்கணப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறார். எதிர்வீட்டில் இருபது வருஷம் ஜித்தாவில் டிரைவராக இருந்து திரும்பிய அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு கெட்ட வார்த்த கூட இல்லியே, அங்க போயி எப்பிடிப் பொழைப்ப?" என்று கேட்டது தனிச் செய்தி.

விண்ணப்பத்தில் எந்தப் பணி முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்தித் தரவேண்டும். இவர் முதலில் போடுவது வெளியுறவு, பிறகு ஆட்சிப் பணி, பிறகு மற்றவை. அம்மாவும் ஒரு வரிசை வைத்திருக்கிறாள். அதில் முதலிடம் கிராம நிர்வாக அலுவலர். அதுவும் கல்குளம் தாலுகாவுக்குள்.