தீர்க்கப்பட்ட புகார் தொடர்பாக

பெறுநர்: உயர்திரு வாடிக்கையாளர் சேவைத் தலைமை அவர்கள், ஊரறிந்த ப்ரிட்ஜ் நிறுவனம்.

பொருள்: ப்ரிட்ஜ் தன் குளிரைத் தப்பாகச் சொல்வதும் தாங்கள் அதை அப்படியே நம்புவதும்.

பார்வை: ‘உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது’ என்னும் தங்கள் குறுஞ்செய்திகள்.

ஐயா / அம்மையீர்,

பார்வையில் கண்ட செய்திகள் கிடைக்கப்பெற்றோம். அவற்றுள் ஒன்று வந்த நேரம் தங்கள் டபுள் டோர் ப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு தக்காளி மேல் வழிந்துகொண்டிருந்தது. கதவிலோ ‘4’ என்று நீல நிறத்தில் பளிச்சென்று எரிந்தது. 4 டிகிரியில் மாவு இப்படிப் பொங்காது என்கிறார் என் அம்மா. அவர் தங்களால் அங்கீகரிக்கப்பட்ட டெக்னீஷியன் இல்லை என்பதால் அந்தக் கருத்தைப் பதிவுசெய்ய வழியில்லை என்று கால் சென்டரில் பணிவாகத் தெரிவித்தார்கள்.

சரி, முறைப்படி போகலாம் என்று ஒரு தெர்மாமீட்டர் வாங்கினோம். வெறும் காற்றில் வைத்தால் கதவைத் திறந்ததுமே எண் ஓடிவிடும். ஆகவே டம்ளர் தண்ணீரில் போட்டு நடுத்தட்டில் இரவெல்லாம் வைத்தோம். காலையில் 12 காட்டியது. சமைத்ததும் பாலும் கெடாமலிருக்க 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் கணக்கு.

தாங்கள் அனுப்பிய தம்பி நல்ல பிள்ளை. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். கதவைப் பார்த்தார். “4 காட்டுதே சார்?”

“அது நாங்க வச்ச 4 தம்பி. உள்ளே எவ்வளவு இருக்கு?”

“உள்ளே இருக்கறதை இந்த மாடல் காட்டாது சார். நீங்க என்ன கேட்டீங்களோ அதைத்தான் காட்டும்.”

பட்ஜெட்டில் அறிவித்த பாலத்தை அன்றைக்கே வரைபடத்தில் போட்டுவிடுகிற மாதிரி ஒரு கருவியை வடிவமைத்தவருக்குத் தாங்கள் பதவி உயர்வு தந்திருப்பீர்கள் என்று நம்புகிறோம். தம்பி அந்த 4-ஐப் போட்டோ எடுத்து ஏற்றினார். ஓ.டி.பி. கேட்டார். பத்துக்குப் பத்து மார்க் போடச் சொன்னார், குறைந்தால் அவருடைய சம்பளத்தில் கை வைப்பார்களாம். போட்டோம். தங்கள் வாடிக்கையாளர் திருப்தி எப்படி உயர்கிறது என்பது அன்றைக்குத்தான் விளங்கியது.

அடுத்து வந்தவர், “வெயில் காலம் சார், அப்படித்தான் இருக்கும்” என்றார். இது வேலூர், வெயில் எங்களுக்குப் புதிதல்ல. தங்களுக்கும் புதிதாக இருக்க நியாயமில்லை. பின்பக்க ஸ்டிக்கரில் ‘டி’ வகை என்று தாங்களே அச்சடித்திருக்கிறீர்கள். சுற்றுப்புறம் 43 டிகிரி வரை இருந்தாலும் வேலை செய்யும் என்று அதற்குப் பொருள். வெயிலைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாமல் போனதும் அவர் கட்சி மாறினார். “அப்போ போர்டு போயிடுச்சு.” எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார். அதைப் பார்த்த பிறகு எங்களுக்குக் கொஞ்ச நேரம் குளிராகத்தான் இருந்தது.

இனி அங்கீகாரமில்லாத கதை. எங்கள் தெரு முனையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், கதவில் எரியும் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ப்ரீசரின் பின்பலகையைக் கழற்றினார். உள்ளே குழாய்ச்சுருள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைச் சுவர். தங்களுக்குத் தெரியாததல்ல: இந்த வகை ப்ராஸ்ட் ப்ரீ ப்ரிட்ஜில் குளிர் உண்டாவது அந்த ஒரு சுருளில்தான். பேன் அந்தக் குளிர்காற்றைக் கீழே தள்ளுகிறது. சுருளில் படியும் ஐஸை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கிவிட வேண்டும். உருகாவிட்டால் காற்றுக்கு வழி அடைபடும். ப்ரீசர் ஓரளவு தாக்குப்பிடிக்கும், கீழே மாவு பொங்கும். பட்டனை அழுத்தி 4-ஐ 2 ஆக்கினாலும் பயனில்லை. கம்ப்ரசர் ஏற்கெனவே மூச்சு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு மாதக் கரண்ட் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் எங்களுக்குக் கட்டணப் படியே மாறிவிடும் என்பது கதவில் தாங்கள் ஒட்டிய நட்சத்திரங்களுக்குத் தெரியாது போலும்.

ஹீட்டர் நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் சுருளில் செருகியிருந்த சென்சாரை எடுத்தார். மிளகாய் அளவு கூட இல்லை. ஒரு கிண்ணத்தில் ஐஸை நொறுக்கித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் அதை முக்கி, மல்டிமீட்டரில் மாட்டினார். இந்த வகைச் சென்சார் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும்; குளிரக் குளிர எண் ஏறும்; ஐஸ் தண்ணீரில் முப்பதை ஒட்டி நிற்க வேண்டும். இது பத்தைத் தாண்டவில்லை. தலைக்குள் ஈரம் இறங்கிவிட்டால் இப்படி ஆகுமாம். அதாவது, ஐஸில் மூழ்கிக் கிடந்தபடியே, ‘நான் 25 டிகிரியில் சௌக்கியம்’ என்று போர்டுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. போர்டும், ‘ஐஸ் உருகிவிட்டது, ஹீட்டரை அணை’ என்று கோப்பை மூடிக்கொண்டிருந்தது. வயர் அறுந்திருந்தால் எர்ரர் கோடு வந்திருக்கும். பொய் சொன்னால் வராது.

அந்தச் சென்சாரைத் தாங்கள் எங்கிருந்து வாங்கினீர்களோ, அதே இடத்தில்தான் குறுஞ்செய்தி அனுப்பும் பிரிவுக்கும் ஆள் எடுத்தீர்கள் போலிருக்கிறது. இரண்டுக்கும் அவ்வளவு ஒற்றுமை.

புதுச் சென்சார் சில நூறு ரூபாய்தான். மாற்றிய மறுநாள் டம்ளர் தண்ணீரில் 4 வந்தது. போர்டு தங்கள் எஸ்டிமேட்டைப் பற்றி எதுவும் அறியாமல் பழைய இடத்திலேயே வேலை பார்க்கிறது.

எனவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து, உள்ளே இருக்கும் குளிரைக் கதவில் காட்டும் வசதியை வரும் மாடல்களிலாவது தருமாறு கேட்டுக்கொள்கிறோம். எந்தச் சென்சார் எத்தனை டிகிரியில் எத்தனை ஓம் காட்ட வேண்டும் என்ற அட்டவணையை, கையேட்டில் புன்னகைக்கும் குடும்பப் படங்கள் இரண்டைக் குறைத்துக்கொண்டு அச்சிட்டால், தெருமுனை அண்ணன்மார் மனப்பாடம் செய்யும் சிரமம் குறையும். அடுத்த முறை வரும் தம்பியிடம் கேமராவோடு ஒரு தெர்மாமீட்டரும் கொடுத்தனுப்பவும். டம்ளரும் தண்ணீரும் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
வாரண்டி முடிந்த வாடிக்கையாளன்,
வேலூர்.