மேலே ஐந்து மீட்டர்

கோர்வைப் பட்டுக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், எங்கள் வீட்டில், பள்ளி விடுமுறை விட்டால் அந்த இரண்டாவது ஆள் நான். தொண்ணூறுகளில் அந்த வேலையிலிருந்து எனக்கு அவ்வப்போது விடுதலை வாங்கிக் கொடுத்தது அரக்கோணம். 1992 மார்ச்சில் அங்கே கடற்படையின் ராஜாளி விமானத் தளம் தொடங்கியிருந்தது. ரஷ்யாவின் டியூ-142 அங்கேதான் இருந்தது. எஞ்சின் நான்கு, எஞ்சினுக்கு இரண்டு விசிறி. ஊரைத் தாண்டும்போது ஓடு அதிரும். நாடாவை அப்படியே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவேன்.

"இழை அறுந்தா அந்த ஏரோப்ளேன்காரனா வந்து முடிச்சுப் போடுவான்?" என்று அப்பா கத்துவார். கத்திக்கொண்டே தறிக்குழியிலிருந்து ஏறி, திண்ணைக்கு வந்து, அவரும் அண்ணாந்து பார்ப்பார். அனுமதி இலவசம். பார்வையாளர்கள் மொத்தம் ஒரு தெரு.

டியூ-142 2017-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இப்போது அரக்கோணத்தில் இருப்பது பி-8ஐ, ஜெட். அதற்காக யாரும் வெளியே வருவதில்லை. பரந்தூரில் விமான நிலையமே வரப்போகிறதென்று 2022-இல் அறிவித்தார்கள். ஏகனாபுரத்துக்காரர்கள் வேண்டாம் என்று போராடுகிறார்கள். ஆக, எங்கள் மாவட்டத்தில் விமானத்தை வேடிக்கை பார்த்த காலம் முடிந்தது.

வேடிக்கை வேண்டுமென்றால் இப்போது முறைப்படி போக வேண்டும். 2024 அக்டோபர் 6, ஞாயிறு, மெரினா. விமானப்படையின் 92-ஆவது ஆண்டு விழா. குடும்பத்தோடு மின்சார ரயிலேறினோம். நிகழ்ச்சி காலை பதினோரு மணிக்கு. சென்னை வெயிலை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

விமானப்படையின் சாகசக் குழுவான சூரிய கிரண் வந்தபோது மட்டும் வெயில் மறந்தது உண்மை. 1996-இல் பீதரில் கிரண் பயிற்சி விமானங்களோடு தொடங்கிய குழு அது. பயிற்சிக்கே விமானம் போதவில்லை என்று 2011-இல் நிறுத்தினார்கள். பிறகு ஹாக் விமானங்களோடு மீண்டும் வந்தது. ஒன்பது விமானங்கள், இறக்கைக்கும் இறக்கைக்கும் நடுவே ஐந்து மீட்டர் அளவே இடைவெளி. அந்த ஒழுங்குக்கு அவர்கள் விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் பெங்களூரு எலகங்காவில் ஒத்திகையின்போது இரண்டு ஹாக்குகள் மோதி, விங் கமாண்டர் சாஹில் காந்தி உயிரிழந்தார்.

மேலே ஐந்து மீட்டர். கீழே எனக்கும் முன்னால் நின்றவருக்கும் நடுவே அவருடைய முதுகுப்பை. வானத்தில் ஒவ்வொரு நொடியையும் திட்டமிட்டவர்கள், லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வீடு திரும்புவார்கள் என்பதை எப்படியோ விட்டுவிட்டார்கள். பறக்கும் ரயில் நிலையங்களில் நடைமேடையே தெரியவில்லை. அன்று ஐந்து பேர் இறந்தார்கள். வெயில் என்றார்கள், குடையும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லியிருந்தோமே என்றார்கள்.

கூட்டம் காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை நடக்கிறது. அக்டோபரைவிடக் கொடிய வெயில், ஊர் கொள்ளாத ஜனம். அதுவும் ஒரு வகையில் வான்சாகசம்தான், வாகனம் மட்டும் பழசு. ஆனால் புறப்பாடு விடியுமுன்னே. தெருவுக்குத் தெரு நீர்மோர், பானகம். அங்கே தண்ணீர் கொண்டுவரச் சொல்லி யாரும் அறிவிப்பதில்லை. மெரினாவைப் போலச் சாதனைப் புத்தகத்துக்காகத் தலையை எண்ணுவதும் இல்லை.

அடுத்த சாகசத்துக்கு விமானங்களை விமானப்படையே கொண்டுவரட்டும், அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. நேரத்தை மட்டும் காலை ஆறு மணிக்கு மாற்றுங்கள். மோர்ப் பந்தல் எங்கெங்கே போடுவது என்று சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சம்பளம் கேட்க மாட்டார்கள்.