நாலு கால் கேட்காதீர்கள்!

கேள்வி: கொல்லிமலையில் 'முடவாட்டுக்கால்' என்று கூவி விற்கிறார்களே, அது ஆடா, கிழங்கா?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் இல்லை, பெரணி! பாறையிலும் மரத்திலும் தொற்றி வளரும் செடியின் தண்டு அது. பழுப்பு ரோமம் போர்த்தி, அச்சு அசல் ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சீவி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப்போட்டுக் கொதிக்கவிட்டால் சூப் தயார். சைவர்களும் தைரியமாக 'ஆட்டுக்கால் சூப்' குடிக்கலாம். மூட்டுவலி போகும் என்பது மலையில் உள்ள நம்பிக்கை. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி பஸ்ஸில் வருகிறவருக்கு மூட்டு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம்!

செடி படு சமர்த்து. மண் இல்லாத பாறையில் பிழைக்க இரண்டு வகை இலை வைத்திருக்கிறது. நீளமான பச்சை இலை சமைத்துப் போடும்; அடியிலிருக்கும் குட்டைப் பழுப்பு இலையோ, விழுகிற சருகையெல்லாம் சேர்த்து உரமாக்கும் உண்டியல். பூ, காய், விதை எதுவும் கிடையாது. இலையின் முதுகில் ஒட்டியிருக்கும் தூளில்தான் வம்சமே இருக்கிறது.

தண்டை முழுசாகப் பெயர்த்துவிட்டால் செடி காலி. ஆகவே, ஒரு கால் வாங்குங்கள். நாலு கால் கேட்காதீர்கள்!