கழிப்பறைக் கட்சி

குன்றில் பாதி ஏறியதுமே புரிந்துவிட்டது: கோட்டைக்கு இடம் பார்த்தவர்கள் எதிரிகளை மட்டுமல்ல, முழங்கால் தேய்ந்த மாமனார்களையும் தடுக்கத்தான் நினைத்திருக்கிறார்கள். "மெதுவா வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை வேகமாகப் போனார்.

பாரிசிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். நார்மண்டியில் சேன் நதி வளைகிற இடத்தில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைமேல் நிற்கிறது ஷாத்தோ கயார். அல்லது அதில் மிச்சம் இருப்பது நிற்கிறது. நார்மண்டியையும் ஆண்ட இங்கிலாந்து அரசன் முதலாம் ரிச்சர்டு 1196-இல் ஆரம்பித்து 1198-இல் முடித்துவிட்டான். எங்கள் தெருமுனைச் சாக்கடைப் பாலம் இதைவிட அதிக நாள் எடுத்தது.

மனுஷன் யோசித்து யோசித்துக் கட்டியிருக்கிறான். மதிலுக்குள் மதில், அதற்குள் இன்னொரு மதில், நடுவில் அகழி. கடைசி மதிலை நேராக விடாமல் அலை அலையாக வளைத்திருக்கிறான். கவண்பொறி எறியும் பாறை பட்டால் வழுக்கிக்கொண்டு போகுமாம். சுவரெல்லாம் வெண்ணெயாக இருந்தாலும் இதை நான் காப்பேன் என்று அவன் ஜம்பம் அடித்ததாகக் கதை உண்டு. நார்மண்டியில் வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை, சொல்லலாம்.

1199-இல் அவன் போய்ச் சேர்ந்தான். தம்பி ஜானுக்குப் பட்டம். தம்பி என்ன செய்தான்? அண்ணன் கட்டியதை அப்படியே விட்டிருக்கலாம். உள்ளே ஒரு தேவாலயம் எழுப்பினான். 1203-இல் பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் வந்து முற்றுகை போட்டான். முதல் மதிலை அடியில் சுரங்கம் தோண்டிச் சரித்தாயிற்று. இரண்டாவது மதில் முன்னால் படையே திகைத்து நிற்க, ஒரு சிப்பாய் அந்தத் தேவாலயத்தின் கழிப்பறைத் துவாரத்தைப் பார்த்துவிட்டான். அப்புறம் என்ன, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். 1204 மார்ச் 6-ஆம் தேதி கோட்டை விழுந்தது. அந்த வருஷமே நார்மண்டியும் ஜான் கையை விட்டுப் போனது.

கழிப்பறை இல்லை, தேவாலயச் சாளரம் வழியாகத்தான் நுழைந்தார்கள் என்று வாதாடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் படித்தவர்கள், கௌரவமானவர்கள். நான் கழிப்பறைக் கட்சி. சாளரத்தில் ஏறிய வீரனைப் பற்றி எண்ணூறு வருஷம் யார் பேசப்போகிறார்கள்?

பிறகு 1599-இல் பிரெஞ்சு அரசன் நான்காம் ஹென்றி, கோட்டையை இடிக்கச் சொல்லி உத்தரவு போட்டான். வேறு எவனாவது ஆயுதத்தோடு உள்ளே உட்கார்ந்துவிடக் கூடாதே என்ற பயம். வெண்ணெய்ச் சவடாலுக்குக் கடைசியில் கடப்பாரை பதில் சொன்னது.

இவ்வளவையும் நான் மூச்சிரைக்க விளக்கி முடித்தேன். என் மனைவி இடிபாடுகளை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவளுக்கு ரிச்சர்டும் வேண்டாம், பிலிப்பும் வேண்டாம்.

"கோயிலை ஒட்டிக் கக்கூஸ் கட்டினா வேற எப்படி விளங்கும்? அதுவும் ஈசானி மூலையிலதான் வெச்சிருப்பான், பாருங்க."

மாப்பிள்ளை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து, "அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று வடகிழக்கைத் தேட ஆரம்பித்தார்.