கேள்வி – பதில்

கேள்வி: என் தம்பி படிவம் மூன்றோடு பள்ளியை விட்டுவிட்டான். புத்தகத்தைப் பார்த்தாலே ஓடுகிறான். ரோபோட்டிக்ஸ் வகுப்பில் சேர்த்தால் படிப்பு வருமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: வரும், சகோதரி. ரோபோ யாரையும் "மக்கு" என்று திட்டாது. தப்பாகக் கட்டளை கொடுத்தால் சுவரில் போய் முட்டும், அவ்வளவுதான். ஏன் முட்டியது என்று தேடுகிறவன் தானாகக் கணக்குக்குள் வந்துவிடுகிறான். 6 செ.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு மீட்டர் போக எத்தனை சுற்று சுற்ற வேண்டும்? சுமார் 5.3. கரும்பலகையில் அவனை விரட்டிய அதே 'பை' (π)தான் இங்கே அவனுக்கு வேலைக்காரன்!

இது வெறும் ஆசை வார்த்தை இல்லை. 1999இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், இளங்குற்றவாளிகள் அடைக்கப்பட்டிருந்த மையத்துக்குள்ளேயே கல்வி ஆய்வாளர் சீமோர் பேப்பர்ட் லெகோ ரோபோக்களோடு ஒரு கற்றல் கூடம் தொடங்கினார். பள்ளியில் தோற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பையன்கள் அங்கே தாங்களே இயந்திரங்களை வடிவமைத்தார்கள்.

ஆனால் ரோபோ பெட்டியை வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. பக்கத்தில் பொறுமையான ஆசிரியர் வேண்டும். பையனுக்குத் தவறு செய்ய நேரமும் வேண்டும். ரோபோ கிடைக்காவிட்டாலும் கைத்தொழில் கல்வி இருக்கிறது. நம் பிள்ளைகளுக்காகவே 2011இல் தொடங்கிய மைஸ்கில்ஸ் அறவாரியம் கலும்பாங்கில் வளாகம் வைத்திருக்கிறது. ஷா ஆலாமில் பையன்களுக்குத் தொழிற்பயிற்சி தரும் மோன்ட்ஃபோர்ட் பாய்ஸ் டவுன் இருக்கிறது. தம்பியையும் அழைத்துக்கொண்டு இந்த வாரமே நேரில் போய் விசாரியுங்கள்.