பேசாததையும் எழுதுமாம்ல!

வா பேராண்டி, உக்காரு. பேசுனதைக் கேட்டு எழுதுற ஏஐ வாங்கப் போறியாம்ல? எந்த ஆப்பு ஒசத்தின்னு ராப்பகலா வீடியோ பாத்துக்கிட்டுக் கெடக்கியாம். பரிச்சைக்குப் படிக்கையில இந்த அக்கறை எங்கடா போச்சு?

சரி, நீ ரிக்கார்டு பண்ணுன லச்சணத்தைச் சொல்லட்டுமா? கதை சொல்ற அப்பத்தா கட்டில்ல. போனு திண்ணையில. நடுவுல ஃபேனு கடகடங்குது. டிவியில சீரியல்காரி ஒப்பாரி வைக்கிறா. இதுக்கு லச்ச ரூவா ஆப்பு வந்தாத்தான் என்ன செய்யும்? டிவியையும் ஃபேனையும் அமத்து. போனை அவ வாய்க்கு ஒரு சாண் கிட்டக்க வையி. இதுக்கு என்ன சந்தாவா கட்டணும்?

காசு குடுத்தாத்தான் வேலை நடக்கும்னு எவன் சொன்னான்? ஓப்பன்ஏஐக்காரன் 2022-லயே விஸ்பர்னு ஒண்ணைச் சும்மா குடுத்துட்டான். ஒரு தடவை இறக்கிட்டா உன் கம்ப்யூட்டர்லயே ஓடும், நெட்டு வேணாம். வீட்டுப் பேச்சு வீட்டுக்குள்ளயே கெடக்கும். சின்னது பெருசுன்னு பல அளவு இருக்கு. தமிழுக்குப் பெருசைப் போடு. கம்ப்யூட்டரு முக்கும், முக்கட்டும். 6,80,000 மணி நேரப் பேச்சைக் குடுத்துப் பழக்குனாங்களாம். அதுல மூணுல ரெண்டு பங்கு இங்கிலீசு. நம்ம பாசை எம்மாம்? சென்னை ஐஐடியில ஏஐ4பாரத்னு ஒரு கூட்டம் நம்ம நாட்டுப் பாசைகளுக்குன்னே செஞ்சு வச்சிருக்கு. அதையும் பாரு. உன் அப்பத்தா பேச்சுல அஞ்சு நிமிசத்தை வெட்டி ஒவ்வொண்ணுலயும் போடு. எதுல திருத்துற வேலை கொறைச்சலோ, அதை எடுத்துக்க. அம்புட்டுத்தான் தேர்வு.

வில்லங்கம் இனிமேத்தான் இருக்கு. அப்பத்தா பேச்சை நிறுத்திட்டு வெத்தலை மெல்லுவாள்ல? அப்ப மிசினு சும்மா இருக்கணுமா இல்லையா? சில நேரம் இருக்காது. கல்யாணத் தரகன் மாதிரி, தெரியாத எடத்துல தானா ஒண்ணைச் சேத்துவிடும். அமெரிக்க ஆய்வாளருங்க விஸ்பரைச் சோதிச்சுப் பாத்து 2024-ல முடிவை வெளியிட்டாங்க. நூறு ஆடியோத் துண்டுக்கு ஏறக்கொறைய ஒண்ணுல ஆருமே சொல்லாத பேச்சை எழுதியிருக்கு. விட்டு விட்டுப் பேசுறவங்க பேச்சுல அது கூடுதலாம். நூத்துல ஒண்ணுதானேங்கிறியா? அந்த ஒண்ணு எதுன்னு காட்டிக் குடுக்காதேடா!

மிசினு எழுதுனதுன்னு நீ கொண்டாந்த காகிதத்தையே பாரேன். அவ சொன்னது மூணு மரக்கா கம்பு. இதுல மூணு மரக்கன்று அம்புன்னு இருக்கு. ஆனா கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வாத்தியாரு போட்ட மாதிரி என்னா பாந்தம்! அந்தப் பாந்தத்துலதான் நீ ஏமாந்த.

ஆடியோவைப் போட்டுக்கிட்டு வரிக்கு வரி பாரு. ஆளு பேரு, ஊரு பேரு, கணக்கு மூணையும் அவகிட்டயே கேட்டுச் சரிபண்ணு. சுருக்கா போ. அப்பத்தா நாளைக் காலையில உங்க அத்தை வீட்டுக்குக் கெளம்புறா.